பச்சை உழைக்க வெள்ளை உண்ணும்: மலையக வீட்டில் இருநிற இலைச் செடி வளர்ப்பது எப்படி

ஹட்டனில் வீதியோரச் செடிக்கடை ஒன்றில் என் முதல் இருநிறக் கன்றை வாங்கினேன். மார்பிள் குவீன் என்று சொல்லப்படும் மணிபிளான்ட் வகை. ஒவ்வோர் இலையிலும் பச்சையின்மேல் பால் சிந்தியதுபோல் வெள்ளை. அது ஜூலை மாதம். மழை விடாமல் பெய்தது, பகலிலும் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. கன்றைக் கூடத்தின் மூலையில் இருந்த மேசைமேல் வைத்துத் தினமும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாவது வாரம் வெள்ளைப் பகுதிகள் ஓரத்திலிருந்து பழுப்பேறின. பிறகு தண்டு தொய்ந்தது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் ஊறிய நூலைப்போல் கையோடு உரிந்து வந்தன, அழுகல் நாற்றம் அடித்தது.

அதன்பின் இத்தனை வருடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இருநிறச் செடிகளை வீட்டுக்குள் வளர்த்துவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலையில் பச்சை நிறம் தருவது பச்சையம். வெளிச்சத்தைக் கொண்டு செடிக்கு உணவு சமைப்பதும் அதுதான். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பகுதிக்கு உயிர் இருக்கிறது, அதற்கும் உணவு வேண்டும். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் இருவருக்கு மட்டும் தோட்டத்தில் பேர் போட்டால், அதாவது நாட்சம்பளம் பதிந்தால், குடும்பம் எப்படி இழுத்துப் பிடித்து ஓடுமோ, அப்படித்தான் இந்தச் செடியும் ஓடுகிறது. முழுப் பச்சைச் செடிக்குப் போதுமான வெளிச்சம் இதற்குப் போதாது. மெதுவாக வளர்வதால் தண்ணீரையும் மெதுவாகத்தான் குடிக்கும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன்: வெளிச்சத்தைக் குறைத்தேன், தண்ணீரைக் கூட்டினேன்.

முதல் படி: உங்கள் ஊரின் உயரத்துக்கு ஏற்ற செடி

மலையகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பதுளை 680 அளவில், ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றரைத் தாண்டியவை, நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு ஏழு பாகை செல்சியஸ் குறையும். கண்டியில் ஒரு வருடத்தில் கூரையைத் தொடும் மணிபிளான்ட் நுவரெலியாவில் அதே காலத்தில் நான்கு இலை விட்டாலே பெரிது. தை, மாசி இரவுகளில் புல்மேல் உறைபனி விழும் ஊர் அது.

கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கம் இருப்பவர்கள் விரும்பியதை வாங்கலாம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை உயரத்தில் மணிபிளான்ட், சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட், டிரடெஸ்கான்ஷியா ஆகியவை வீட்டுக்குள் நன்றாகவே வரும். நுவரெலியா, ராகலை போன்ற குளிர் ஊர்களில் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வெள்ளை வரி போட்ட ஸ்பைடர் பிளான்ட் அல்லது வெள்ளை ஓரமுள்ள ஐவிக் கொடி. இரண்டும் குளிரைத் தாங்கும். ஐவிக்குக் குளிர்தான் பிடிக்கும். அங்கே மணிபிளான்ட்தான் வேண்டும் என்றால், இரவில் ஜன்னல் கண்ணாடியை இலை தொடாமல் ஓர் அடி உள்ளே தள்ளி வையுங்கள். பத்துப் பாகைக்குக் கீழே போனால் அதன் இலைகள் கருத்துத் தொங்கிவிடும்.

கடையில் கன்றைத் தெரிவு செய்யும்போது அதிக வெள்ளையுள்ள செடிதான் கண்ணைப் பறிக்கும். அதை விட்டுவிடுங்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி பச்சையும் வெள்ளையும் கலந்த, ஒவ்வோர் இலையிலும் கலப்பு இருக்கிற கன்றே புதியவருக்குப் பிழைக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் வெள்ளை மொன்ஸ்டெராவை முதல் செடியாக வாங்க வேண்டாம். அதன் விதை என்று பொட்டலத்தில் விற்றால் காசு கொடுக்கவே வேண்டாம். இத்தகைய வெள்ளை பெரும்பாலும் விதை வழியாக இறங்குவதில்லை, தண்டு வழியாகத்தான் வருகிறது.

இன்னொன்று, வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை அல்ல. சில பிகோனியாக்களின் வெள்ளிப் புள்ளி, இலைத்தோலுக்கு அடியில் காற்று புகுந்த இடைவெளியால் மினுங்குவது. அங்கே பச்சையம் குறைவதில்லை, எனவே அந்தச் செடி நிழலையும் பொறுத்துக்கொள்ளும். அபுட்டிலோன் என்ற பூஞ்செடியில் காணும் மஞ்சள் கட்டங்களுக்கோ ஒரு வைரஸ்தான் காரணம். நேற்றுவரை பச்சையாக இருந்த இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவே மஞ்சளாக மாறினால் அது இருநிறம் ஆகாது. சத்துக் குறைவு அல்லது வேர்க்கோளாறு.

இரண்டாம் படி: வெளிச்சம்

நம்முடைய வானம் காலையில் தெளிந்திருக்கும், பகல் திரும்பியதும் மூடிக்கொள்ளும். மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சாடியை வைக்கும்போது நாம் இதை நினைப்பதில்லை. கிழக்கு ஜன்னல்தான் முதல் தரம். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது, பத்து வரை விழும் இளவெயிலை வெள்ளைப் பகுதியும் தாங்கும். மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நடுப்பகல் வெயில் உச்சியில் நிற்கும், ஜன்னல் வழியாக அதிகம் உள்ளே வராது. அதனால் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குப் பக்கத்திலேயே, ஓரிரண்டு அடிக்குள், சாடி இருக்க வேண்டும்.

அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. பகல் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல இடம். கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் பச்சைச் செடிக்குப் போதும், இருநிறத்துக்குப் போதாது. நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வைக்க வேண்டாம்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவர்களுக்கு இது உண்மையான சிக்கல். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் காம்பரா என்னும் அறைக்குப் பின்ஜன்னலே கிடையாது. நான் பிறந்த வீடும் அப்படித்தான். அங்கே செடிக்கு உரிய இடம் இஸ்தோப்பு, அதாவது முன் விறாந்தை. கூரைச் சலாகையில் கம்பி கட்டித் தொங்கவிட்டால் ஆட்டுக்கும் கோழிக்கும் எட்டாது, சாரலும் நேராக அடிக்காது. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் வெள்ளை ஒளி தரும் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றை இலைக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். அதற்கென்று விலையுயர்ந்த விசேட விளக்கு தேவையில்லை.

ஹட்டன் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை வானம் துலங்கி வெயில் சுள்ளென்று அடிக்கும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடுவதால், குளிர்கிறதே என்று செடியை முற்றத்து வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெள்ளைப் பகுதி காகிதம்போல் கருகிவிடும். ஊவாப் பக்கத்தில் கணக்கு வேறு. அங்கே ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வறண்டு வீசும் காலம். தேயிலைக்கு அது மணம் ஏற்றும் பருவம், வீட்டுச் செடிக்கோ இலை நுனி காயும் பருவம். பண்டாரவளையில், அப்புத்தளையில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் காற்று நேராக வரும் ஜன்னலிலிருந்து சாடியை விலக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: சாடியும் மண்ணும்

தேயிலை மலையிலிருந்து அள்ளிய செம்மண்ணை அப்படியே சாடியில் நிரப்புவது நம்மவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. சரிவில் மழைநீர் வழிந்தோடும் இடத்தில் அது நல்ல மண். சாடிக்குள் அடைபட்டால் களியாக இறுகிவிடும், வேருக்குக் காற்றுப் போகாது. மேல்மண் ஒரு பங்கு, தும்புத் தூள் ஒரு பங்கு, பருமணல் அல்லது பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கட்டியாக விற்கும் தும்புத் தூளை ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். விறகடுப்பில் மிஞ்சும் கரித்துண்டுகளைக் கழுவிப் போடலாம். சாம்பலைப் போட வேண்டாம்.

சாடியின் அடியில் துளை இருப்பது கட்டாயம். வேர்ப்பந்தைவிட இரண்டு விரல் அகலம் கூடிய சாடியே போதும். சிறிய கன்றுக்குப் பெரிய சாடி கொடுத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளித்துவிடும். யோகட் கோப்பையில் அடியில் மூன்று துளை போட்டாலே முதல் ஆறு மாதம் ஓடிவிடும்.

நான்காம் படி: தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையில், மஸ்கெலியா போன்ற ஓர் ஊரில், வீட்டுக்குள் வைத்த சாடி பதினைந்து நாளானாலும் காயாது. அதே சாடி மாசி மாதத்தில் ஐந்து நாளில் காய்ந்துவிடும். நாட்காட்டியை விடுங்கள், ஆட்காட்டி விரலை நம்புங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். நுனியில் குளிர்ச்சி பட்டால், மண் ஒட்டிக்கொண்டு வந்தால், ஊற்ற வேண்டாம். உலர்ந்து பொடியாக இருந்தால் அடித்துளை வழியே ஒழுகும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றியதுதான் என் முதல் செடியைக் கொன்றது.

பழகியபின் சாடியைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நனைந்த சாடிக்கும் காய்ந்த சாடிக்கும் எடை வித்தியாசம் கைக்கு நன்றாகப் படும்.

மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் நல்லது. ஆனால் விடியற்காலைப் பீலித் தண்ணீர் கையை விறைக்கவைக்கும் குளிர். வாளியில் பிடித்து ஓர் இரவு வீட்டுக்குள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் வாடை அடித்தாலும் இதே வழிதான்.

யூடியூபில் இந்திய நகரங்களிலிருந்து வரும் காணொளிகளில் இலைமேல் தினமும் நீர் தெளிக்கச் சொல்கிறார்கள். வறண்ட ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னது அது. மூடுபனி வாசலுக்கே வரும் நமக்கு அது பொருந்தாது. நம் வீட்டில் இலை ஈரமாகவே இருந்தால் வெள்ளைப் பகுதியில் கரும்புள்ளி விழுந்து பரவும். தெளிப்பதற்குப் பதிலாக இரு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள். விறகடுப்பு எரியும் வீட்டில் இலையில் கரிப்படலம் படியும், அது இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்கும். ஒருமுறை துடைத்துவிட்டுத் துணியைப் பாருங்கள், நம்பிவிடுவீர்கள்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தேயிலைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி சாடியில் போட்டால் வேர் வெந்துவிடும். கரையக்கூடிய வீட்டுச் செடி உரத்தை, பொதியில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, புதுத்துளிர் விடும் மாதங்களில் மட்டும் மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். பாலும் சீனியும் கலந்த தேயிலைச் சக்கையைச் சாடியில் கொட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மண்மேல் பூஞ்சணம் பூத்து, சின்னஞ்சிறு கருப்பு ஈக்கள் மொய்க்கும்.

ஐந்தாம் படி: கவ்வாத்து

இதைத்தான் புதியவர்கள் செய்யப் பயப்படுகிறார்கள், இதில்தான் செடியின் நிறமே தங்கியிருக்கிறது.

இருநிறக் கொடியில் ஒரு வாது திடீரென்று முழுப் பச்சையாக இலை விடத் தொடங்கும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், செடி தேறிவிட்டது என்று மகிழ்ச்சி வரும். அந்த வாதில் இலை முழுவதும் உணவு சமைப்பதால் அது மற்ற வாதுகளைவிட விரைந்து வளரும். விட்டுவைத்தால் ஒரு வருடத்தில் சாடி முழுவதும் சாதாரணப் பச்சை மணிபிளான்ட்தான் மிஞ்சும். அதற்கு எதிர்ப்பக்கத்தில், சில வாதுகள் முழு வெள்ளையாக இலை விடும். அழகுதான், ஆனால் அந்த வாது ஓர் இலைக்கும் உணவு சமைப்பதில்லை. நறுக்கித் தனியாக நட்டால் பிழைக்கவே பிழைக்காது.

என் அம்மா கொழுந்து எடுத்தவர், சில வருடங்கள் தோட்டத்து நாற்றுமேடையிலும் வேலை செய்தவர். என்னுடைய இரண்டாவது செடியில் பச்சை வாது ஓடியபோது நான் கத்தியை வைத்துக்கொண்டு தயங்கி நின்றேன். அம்மா கொடியை இரண்டு விரலால் பிடித்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே தண்டைச் சுற்றி மெல்லிய வளையம், ஒரு பக்கம் பழுப்பு முனையாக வேர், காம்பின் கக்கத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு கண். “கண்ணைப் பார்த்து வெட்டு பிள்ளை. கண் இருந்தால் துளிர்க்கும்” என்றார். தேயிலையில் அவர் ஆயிரக்கணக்கில் பார்த்தது அந்தக் கண்ணைத்தான்.

செய்முறை இது. பச்சையாகிப் போன வாதின் நுனியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பச்சையும் வெள்ளையும் நன்றாகக் கலந்த கடைசி இலை எதுவோ அதில் நில்லுங்கள். தண்டை உற்றுப் பார்த்தால் அதிலும் வெள்ளைக் கோடுகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும். கண் இருக்கும் பக்கத்தில் பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் கலந்திருந்தால் அங்கிருந்து வரும் துளிரும் பெரும்பாலும் கலந்தே வரும். அந்தக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, ஸ்பிரிட்டில் துடைத்த கூரான கத்தியால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். முழு வெள்ளை வாதுக்கும் இதேதான். மூன்று நான்கு வாரத்தில் கண் உப்பித் துளிர் வரும், குளிர் ஊரில் இரண்டு மாதமும் ஆகலாம். வேர் அழுகி நலிந்த செடியை மட்டும் வெட்டாதீர்கள். வலுவில்லாத தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்தால் பட்டுப்போவதை நாம் கண்டிருக்கிறோம், இதற்கும் அதே நிலைதான். முதலில் தேறட்டும்.

வெட்டிய துண்டுகளை எங்கே போடுவது என்பதும் முக்கியம். மணிபிளான்டை ஆங்கிலத்தில் ‘சிலோன் கொடி’ என்றும் சொல்வதுண்டு, ஆனால் அது நம் நாட்டுச் செடி அல்ல. பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரியா தீவு அதன் தாயகம். 1880இல் தாவரவியலாளர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். இங்கே காட்டோரத்தில், ஓடைக்கரையில் வீசினால் கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தில் ஏறிப் பரவிவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட வேண்டாம். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பச்சைச் சேம்பைக் கடித்தால் வாயும் தொண்டையும் அரிப்பது எதனாலோ, அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சாடி உயரத்திலேயே தொங்கட்டும்.

பூச்சிகளில் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். இலைக்கக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். வறண்ட மாதத்தில் இலை மங்கி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. செடியைச் சாய்த்து இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, சவர்க்காரம் சிறிது கரைத்த நீரால் துடையுங்கள்.

ஆறாம் படி: ஒன்றிலிருந்து இன்னொன்று

தோட்டத்து நாற்றுமேடையில் ஓர் இலை, ஒரு கண், கீழே சிறிது தண்டு என்று நறுக்கி நடுவார்கள். மணிபிளான்டுக்கும் அந்த அளவே போதும். பாதிக்குப் பாதி கலந்த இலையுள்ள கணுவைத் தெரிவு செய்து, கணுவுக்கு மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டு நறுக்குங்கள். ஜாம் போத்தலில் கணு மட்டும் மூழ்கும்படி தண்ணீர் விட்டு நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அதற்குமேல் தண்ணீரிலேயே நீண்டால் பிறகு மண்ணில் பிடிக்கத் திணறும்.

மஞ்சள் ஓரமுள்ள ஸ்நேக் பிளான்டில் மட்டும் இந்த முறை உங்களை ஏமாற்றும். நம் மருள் செடியின் உறவு அது. அதன் இலையைத் துண்டாக்கி நட்டால் கன்று வரும், ஆனால் மஞ்சள் ஓரம் வராது, முழுப் பச்சையாகவே பிறக்கும். மஞ்சள் ஓரத்தோடு கன்று வேண்டுமானால் செடியைச் சாடியிலிருந்து எடுத்து, மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டை வேரோடும் இலையோடும் பிரித்துத்தான் நட வேண்டும்.

போத்தலிலிருந்து மண்ணுக்கு மாறிய மணிபிளான்ட் கன்றுக்கு முதல் இரண்டு வாரம் மண் லேசான ஈரத்திலேயே இருக்கட்டும். பிறகு விரல் சோதனைக்கு மாறிவிடுங்கள். ஹட்டன் குளிரில் முதல் புதிய இலை தலைகாட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகிறது. சுருட்டிய பீடிபோல் மெல்லியதாக வரும் அது, விரிய இன்னும் ஒரு வாரம் எடுக்கும். விரிந்த பின்புதான் அதில் எவ்வளவு வெள்ளை என்று தெரியும்.